யாரும் தொடாத வண்டி

சிவஞானம் குளிக்காத நாள் உண்டு. அவருடைய வண்டி குளிக்காத நாள் கிடையாது. மரக்காணத்து உப்பளத்தில் லோடு அடிக்கிற வண்டிக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். உப்பு இரும்பைத் தின்கிற வேகத்தில் கறையான்கூட மரத்தைத் தின்னாது. கடைசி நடை இறக்கிவிட்டு வந்ததும் வீட்டு போர் தண்ணீரில் சக்கரம், அடிப்பாகம், பின்தொட்டி எல்லாவற்றையும் கழுவுவார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. பானெட்டைத் தூக்கி, இன்ஜின் மேலும் குழாயைத் திருப்பி, கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டுவதுபோல் இண்டு இடுக்கு விடாமல் பீச்சுவார். "உள்ளாற தண்ணி அடிக்காதீங்க மாமா, கம்ப்யூட்டர் இருக்குது" என்று ஆண்டாளின் தம்பி தமிழரசன் ஒருமுறை சொன்னான். "உப்பு ஏறினா மட்டும் உன் கம்ப்யூட்டர் பொழைக்குமாடா?" என்று கேட்டு அவன் வாயை அடைத்துவிட்டார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் வம்பு.

வண்டி நின்றது ஐப்பசி மாதம், அதுவும் எந்த நாளில் நிற்கக் கூடாதோ அந்த நாளில். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று முந்தின நாளிலிருந்தே டிவியில் அலறிக்கொண்டிருந்தார்கள். டிவி சொல்லாவிட்டாலும் உப்பளத்துக்காரர்களுக்குத் தெரியும். வாடைக் காற்று ஈரத்தோடு முகத்தில் ஒட்ட ஆரம்பித்திருந்தது. கிழக்கே வானம் அலுமினியச் சட்டியின் அடிபோலக் கருத்துக் கிடந்தது. ரோட்டில் உப்பு வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின.

சிவஞானமும் ஆண்டாளும் குத்தகைக்கு எடுத்திருந்த பாத்திகள் கழுவெளிச் சதுப்பை ஒட்டிய தாழ்வான பக்கம். பருவத்தின் கடைசி வாரலில் எடுத்த உப்பு முழுவதும் அங்கே வரப்பு மேல் அம்பாரமாய்க் கிடந்தது. ரோட்டோரக் கொட்டகையில் இடம் கிடைக்கத் தாமதமாகி, முந்தின நாள் சாயங்காலம்தான் காலி செய்து கொடுத்திருந்தார்கள். மேட்டுப் பக்கத்து அம்பாரமென்றால் பனங்கீற்றைப் போட்டு மூடிவிட்டு வீட்டில் கால் நீட்டிப் படுக்கலாம். கழுவெளிப் பக்கம் அது நடக்காது. மேலிருந்து வருகிற மழையைக் கீற்று தடுக்கும், கீழிருந்து ஏறுகிற தண்ணீரை எது தடுக்கும்? உப்பு எந்தத் தண்ணீரிலிருந்து வந்ததோ அதிலேயே போய்ச் சேரும். கொளுத்துகிற வெயிலில் கால் பாளம் பாளமாய் வெடிக்க வாரியது அத்தனையும் கரைந்துவிடும். அதைக் கொட்டகைக்கு ஏற்ற அந்த ஒரு வண்டியைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த வண்டிதான் காலையில் சாவியைத் திருப்பினால் 'கிர்ர்' என்று முனகிவிட்டுக் கிடந்தது.

"தமிழுக்கு ஒரு போன் போடட்டுங்களா?" என்றாள் ஆண்டாள். கேட்கும்போதே பதில் தெரியும்.

"அவன் பேரை எடுக்காத. அவன் கை வச்சதுலேருந்துதான் இதுக்குப் பீடை புடிச்சது."

"அவன் கை வச்சப்புறம் ரெண்டு வருஷம் ஓடலியா?"

"இந்தா, காலங்காத்தால என்கிட்ட வாதாடாத. மரக்காணத்துல ஆளே இல்லியா? பிராங்க்ளின் கடைக்கு இழுத்துனு போறேன்."

பீடை கதை இதுதான். முன்பெல்லாம் லோடு ஏற்றிய வண்டி உப்பளத்து வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். மணலில் புதைந்து, நாலு பேர் தள்ளி, ஒரு நடைக்கு அரை நாள் போகும். தமிழரசன் அப்போது மரக்காணத்திலேயே புதிதாகக் கடை போட்டிருந்தான். வண்டியின் ஒயரிங், சென்சார், கம்ப்யூட்டர் வேலையெல்லாம் புதுச்சேரியில் ஒருவரிடம் இருந்து கற்றவன். அக்கா வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றி, ஆண்டாள் கொடுத்த முறத்தில் வைத்துத் திறந்தான். திருகாணிகள் உருளாமல் முறத்தை ஆடாது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவள்தான். லேப்டாப்பை மாட்டி, கம்பெனிக்காரன் போட்ட பூட்டைத் திறந்து, இழுவை கூடும்படி எழுதிவிட்டு, தன் கருவியின் பூட்டைப் போட்டான்.

"அக்கா, இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோ. இதுல இப்ப என் டூலோட பூட்டு இருக்குது. வேற எவன் டூலும் இதோட ஒத்துப்போவாது. இதுல இருந்த ஒரிஜினல் ஃபைல் என்கிட்ட பத்திரமா இருக்கும். எப்ப எது வந்தாலும் எனக்கு ஒரு போன் போடு, போதும்."

வண்டி அதன் பிறகு பறந்தது. சிவஞானமும் கொஞ்ச நாள் மச்சான் புகழ் பாடினார். அப்புறம் டீசல் கூடக் குடிப்பதாக அவருக்கு ஒரு சந்தேகம். ரோட்டோர டீக்கடையில் உப்பளத்து ஆட்கள் மொத்தமும் இருக்கும்போது, "மச்சான் கை வச்சாலும் வச்சான், வண்டி டீசலைப் பானகம் மாதிரி குடிக்குதுப்பா" என்றார். கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் சொந்த மாமனே சொல்கிறானே என்று ஊர் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தமிழரசன் கடை வாசலில் ஒரு உப்பு வண்டி நிற்கவில்லை. அவன் வந்து கேட்டான்: "வண்டி குடிக்கல மாமா, உங்க கால் மிதிக்குது." ஒரு வார்த்தை இரண்டாகி, இரண்டு நாலாகி, "இனிமே என் வண்டியைத் தொடாத" என்று இவரும், "இனிமே என் வாசலுக்கு வராதீங்க" என்று அவனும் சொல்லிக்கொண்டார்கள். கடையை மூடிவிட்டுக் கூனிமேட்டுக்குப் போய்விட்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, ஆண்டாளுக்கு அந்தப் பிழைப்பு. முதல் பொங்கலுக்கு வரிசையை யாரிடமோ கொடுத்தனுப்பினான். அடுத்த பொங்கலுக்கு அதுவும் இல்லை. அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு முறுக்கு ஏறியிருந்தது. மாமாவோடுதானே சண்டை, அக்கா என்ன செய்தாள்?

தொட்டி இல்லாத தங்கராசுவின் உழவு டிராக்டரில் கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போனார்கள். வேலை முடிகிறவரை கடையிலேயே கிடக்க வேண்டியிருக்கும் என்று, சோறும் கிழங்கா மீன் குழம்பும் தூக்கில் எடுத்துக்கொண்டு ஆண்டாளும் ஏறிக்கொண்டாள்.

பிராங்க்ளின் சென்னையில் வேலை பார்த்துவிட்டு இந்த வருஷம்தான் ஊருக்கு வந்து கடை வைத்திருந்தான். முப்பது வயசுக்குள் இருக்கும். நிதானமான பையன். சுவரில் வேளாங்கண்ணி மாதா காலண்டர், அதன் கீழே விதவிதமான ஒயர்கள். பானெட்டைத் தூக்கிப் பார்த்ததும் சிரித்தான்.

"நல்லா குளிப்பாட்டி இருக்கீங்கண்ணா."

"உப்பு வண்டிப்பா. கழுவாம எப்பிடி?"

"கழுவுங்க. இதுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டிட்டுக் கழுவுங்க." கம்ப்யூட்டர் பெட்டியின் சொருகியைப் பிடுங்கிக் காட்டினான். ஊசிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஸ்பிரே அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, சூடு காற்றில் காய வைத்து மாட்டினான். சாவியைத் திருப்பினால் பழையபடி முனகல்தான். லேப்டாப்பை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.

"ஒயர்லாம் நல்லா இருக்குது. ஈரம் பட்டு ஷார்ட் ஆனதுல பெட்டிக்குள்ள எழுதி இருக்கறது கலைஞ்சிருக்குது. திருப்பி எழுதணும். அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. முன்னாடி யாராச்சும் இதைத் திறந்திருக்காங்களா? பவர் ஏத்தறேன், பிக்கப் ஏத்தறேன்னு?"

"ஏன் கேக்கற?"

"ஒவ்வொரு டூலும் ஒவ்வொரு கட்சிண்ணா. ஒருத்தன் போட்ட பூட்டை இன்னொருத்தன் திறக்கமாட்டான். ஒருத்தன் எடுத்து வச்ச ஃபைலை இன்னொரு டூல் படிக்கக்கூட படிக்காது. யாராச்சும் திறந்திருந்தாங்கன்னா அவர்கிட்டயே ஒரு போன் போட்டு வாங்கிடலாம், கொஞ்ச நேர வேலை. அவர் யாருன்னு தெரியலன்னா பெட்டியைப் பிரிச்சு டேபிள்ல வச்சு, உள்ள இருக்கறதை முதல்ல காபி எடுத்துக்கிட்டு அப்புறம்தான் கை வைக்கணும். அது நாள் ஆவும். யாருமே தொடலன்னா கம்பெனி பூட்டு மட்டும்தான். ஸ்டியரிங் கீழ ஒயரைச் சொருகி நேரா எழுதிடுவேன்."

சிவஞானம் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். வெளியே ஒரு உப்பு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"யாரும் தொடலப்பா. ஷோரூம்ல எடுத்தது எடுத்தபடி இருக்குது."

"மூடி ஓரத்துல பசை கொஞ்சம் வேற மாதிரி தெரியுதே?"

"வெயில்ல கெடக்கற வண்டி. உருகி இருக்கும்."

பிராங்க்ளினுக்கு மனசு ஒப்பவில்லை. ஸ்டூலில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்டாளைத் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க சொல்லுங்கக்கா. அண்ணனுக்குத் தெரியாமகூட எங்கியாச்சும் சர்வீஸ்ல திறந்திருப்பாங்க. யாராச்சும் கை வச்சாங்களா?"

எல்லாம் அவளுக்குத் தெரியும். எந்த மரத்து நிழலில், எந்த முறத்தில், எந்தக் கையால் திறந்தான் என்பதுவரை தெரியும். சொல்லிவிடலாம். சொன்னால், கட்டினவரை ஒரு கடைக்காரப் பையன் எதிரில் பொய்யன் என்று நிறுத்த வேண்டும். டிராக்டர்க்கார தங்கராசு வேறு நின்றுகொண்டிருக்கிறான். சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போய்விடும். சிவஞானம் அவளைப் பார்க்கவில்லை. மாதா காலண்டரில் தேதி பார்ப்பவர்போல நின்றார். இருபது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அந்த முதுகின் பாஷை தெரியாதா? வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் எதிர்த்துப் பேசுவாள், நாலு பேர் எதிரில் விட்டுக்கொடுக்க மாட்டாள். அவள் அம்மா வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள். அதற்கு மேல், பொங்கலுக்கு எட்டிப் பார்க்காத தம்பிமேல் இருந்த அந்தச் சின்ன முறுக்கும் அந்த நேரம் பார்த்துத் தலையைத் தூக்கியது.

"இல்லப்பா. யாரும் தொடல" என்றாள்.

"அப்ப சரி" என்று பிராங்க்ளின் ஒயரைச் சொருகினான்.

லேப்டாப்பில் பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்தது. ஆண்டாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லபடி போய்விடும், எல்லாப் பூட்டும் ஒன்றுதான், தம்பி தன் வேலையைப் பெரிதாகச் சொல்லியிருப்பான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கோடு பாதி தாண்டியதும் நின்றது. பிராங்க்ளின் நாற்காலியின் நுனிக்கு வந்தான். கோடு சிவப்பாக மாறியது. சாவியைத் திருப்பச் சொன்னான். இப்போது முனகல்கூட இல்லை. மீட்டரில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"அண்ணா, உள்ள வேற பூட்டு இருக்குதுண்ணா." அவன் முகம் வெளுத்துவிட்டது. "நான் பாதி எழுதிட்டேன். இப்ப அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

சிவஞானம் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார். ஆண்டாள் கடைக்குப் பின்னால் போய், யாரையும் கேட்காமல் போனை எடுத்தாள்.

"தமிழு..."

"அக்கா? இன்னாக்கா, குரல் ஒரு மாதிரி இருக்குது? உடம்புக்கு எதுனாச்சுமா?"

இத்தனை நாள் பேசாதவன் எடுத்த எடுப்பில் உடம்பைக் கேட்கிறான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வண்டி நின்னுபோச்சுடா. பிராங்க்ளின் கடையில கெடக்குது. அவன் டூலு மாட்டினான், பாதியில நின்னுபோச்சு. உப்பு அத்தனையும் கழுவெளி வரப்புல கெடக்குதுடா."

"அவன் மேல தப்பு இருக்காது. மாமா மறைச்சிருப்பாரு, வேற இன்னா. சரி, நீ அழுவாத. வர்றேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரட்டும், முதலில் வண்டி ஓடட்டும் என்று நினைத்தாள்.

பைக்கில் வந்து இறங்கினான். இளைத்திருந்தான். நெற்றி ஏறியிருந்தது. சிவஞானம் கடை வாசலில் பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். "இன்னா மாமா" என்று அவனும் சொல்லவில்லை, "வாடா" என்று இவரும் சொல்லவில்லை. ஆனால் அவன் செருப்பை அவருடைய செருப்புக்குப் பக்கத்தில்தான் விட்டான். ஆண்டாள் தூக்கை எடுத்தாள்.

"முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு."

"வேலையைப் பாக்கறேன்க்கா."

"மூஞ்சியே சொல்லுது, காலையிலேருந்து ஒண்ணும் தின்னலன்னு. கையைக் கழுவு."

தூக்கு மூடியில் சோற்றைப் போட்டு, கிழங்கானில் முள் குறைவான நடுத் துண்டாகப் பார்த்து வைத்தாள். நின்றபடியே சாப்பிட்டான். "மாங்கா போட்டியா? கூனிமேட்டுல பாய் வீட்டுல நல்லா செய்வாங்க, ஆனா இந்தப் புளிப்பு வராது" என்று விரலை நக்கினான். தம்பி சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கு நிறைந்திருந்தது. இந்த வண்டி நின்றதும் நல்லதுக்குத்தானோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

பிறகு இரண்டு பேரும் மேசையில் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மெக்கானிக்குகளின் வாட்ஸாப் குழுவில் பேசிப் பழக்கமாம். நேரில் இப்போதுதான் பார்க்கிறார்கள். தமிழரசன் தன் கருவியை மாட்டினான். பிராங்க்ளின் தன்னுடையதை மாட்டினான். மெல்லிய ஊசிகளைப் பலகைமேல் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மேகம் இறங்கிப் பட்டப்பகலில் கடைக்குள் விளக்குப் போட வேண்டியதாயிற்று.

"என்னுது இது நான் பூட்டின பெட்டியே இல்லங்குது" என்றான் தமிழரசன்.

"என்னுது பாதி என்னுது, மீதி யாருதுன்னு கேக்குதுண்ணா."

"ஒரிஜினல் இதோ இருக்குது பாரு, வண்டி நம்பர் போட்டு. வச்சிருந்து இன்னா பண்றது? போட எடமில்ல." பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். "செத்துப்போச்சு. புதுசுதான் வாங்கணும். சென்னையிலேருந்து வரணும். அதுக்குள்ள மழை வந்துடும்."

ஆண்டாள் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். சிவஞானம் வாசலில் எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்கங்கண்ணா" என்றான் பிராங்க்ளின். "நான் கேட்டுட்டுத்தான் பண்ணேன்."

"உன்னைச் சொல்லலப்பா. அவரு சொல்லமாட்டாருன்னு எனக்குத் தெரியும். எங்க அக்கா சோறு எடுத்துனு லேட்டா வந்திருக்கும். அது மட்டும் அந்நேரம் இங்க இருந்திருந்தா சொல்லி இருக்கும். மாமா மொறைச்சாலும் சொல்லி இருக்கும்."

பிராங்க்ளின் நல்லவன். பொய் சொல்லத் தெரியாத பயல். "அக்கா காலையிலேருந்து இங்கதாண்ணா இருந்தாங்க. அவங்களையும் கேட்டேனே, யாரும் தொடலன்னு..." என்று ஆரம்பித்தவன், இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தமிழரசன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஒரு சின்னப் பிள்ளை கூட்டத்தில் வேறு யாருடைய கையையோ பிடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்குமே, அப்படிப் பார்த்தான். அவள் புருஷனைப் பார்த்தாள். 'நான்தான்டா சொல்ல வச்சேன்' என்று ஒரு வார்த்தை போதும். யாருக்காகத் தம்பியை இல்லையென்று சொன்னாளோ, அந்த மனுஷன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழரசன் ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பையில் வைத்தான். "உப்பு எங்க, கழுவெளி வரப்புலதானே?"

"ஆமாண்டா."

"கூனிமேட்டுல ஒருத்தர்கிட்ட வண்டி இருக்குது. அனுப்பறேன்."

"நீயும் வர்றியாடா? டேய், தமிழு..."

"கடையில வேலை கெடக்குது" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தான்.

உப்பளத்துக்கு நடந்து போகிற வழியில் ஆண்டாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "ஒரு வார்த்தை உங்க வாயில வந்திருக்கக் கூடாதா? நான்தான் அப்படிச் சொன்னேன், அவளைச் சொல்லாதன்னு?"

"நீதான சொன்ன?" என்றார் சிவஞானம். அதில் குத்தல்கூட இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். ஆண்டாளுக்கு அவர் சொன்னதும் உண்மைதானே என்று நினைத்து நினைத்து நெஞ்சு எரிந்தது.

அவர்கள் போய்க் கீற்றை விலக்குவதற்குள் தூறல் போட ஆரம்பித்துவிட்டது. பக்கத்துப் பாத்தி அம்சவல்லி தன் அம்பாரத்தை ஏற்றி முடித்த கையோடு கூடை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தாள். சொன்னபடி வண்டியும் வந்தது. ஓட்டி வந்தவர் சாகுல் பாய் என்று ஐம்பது வயசுக்காரர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் ஒரு கூடையை எடுத்தார். சிவஞானம் மண்வெட்டியால் இழுத்து நிரப்ப, மற்ற மூன்று பேரும் சுமந்துபோய்த் தொட்டியில் கொட்டினார்கள். முதல் நடை போயிற்று, இரண்டாவது போயிற்று. கழுவெளித் தண்ணீர் வரப்பின் காலை நக்க ஆரம்பித்தபோது அம்பாரத்தில் முக்கால்வாசி கொட்டகைக்கு ஏறியிருந்தது. அடியில் கிடந்தது கரையத்தான் செய்தது. ஆனாலும் பருவத்து உழைப்பு தப்பியது என்று சொல்லலாம்.

"நல்ல நேரத்துல வந்தீங்க பாய்" என்றாள் அம்சவல்லி. "அல்லா அனுப்பிச்ச மாதிரி."

"அல்லா அனுப்பிச்சாரு, தமிழு மூலமா" என்று சிரித்தார் அவர். "எனக்கே இன்னிக்கு ஒரு லோடு இருந்துச்சும்மா. அவன் வந்து கையைப் புடிச்சிக்கிட்டு நின்னான். இன்னாடா, சொந்தக்காரங்களான்னு கேட்டேன். இல்ல பாய், ஒரு கஸ்டமர், பாவம், மழை வந்துடும், கெளம்புங்கன்னான்."

ஆண்டாள் கூடையை இறக்கி வைத்தாள். மழைத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் முகத்தில் வழிந்து கண்ணை எரித்தது. சிவஞானம் மண்வெட்டியோடு பக்கத்தில்தான் நின்றார். அம்சவல்லி நின்றாள். நாலு பேர் எதிரில்தான் சொன்னாள்.

"நான் அவன் அக்கா, பாய். கூடப் பொறந்தவ. எங்க வண்டியைத் தொட்டது அவன்தான். வேற யாரும் இல்ல, அவன்தான் தொட்டான்."

எந்த வண்டி, யார் தொட்டது, இந்தம்மா எதற்கு அழுகிறாள் என்று ஒன்றும் விளங்காமல் சாகுல் பாய் நின்றார். தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதை ஏம்மா எங்கிட்ட சொல்றீங்க?" என்றார்.